துருவத்தில் கிழியும் பூமி

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லி நகரை மூடியிருந்த பனிமூட்டத்தின் காரணமாக வெளியே செல்ல மனமின்றித் தமக்கையார் இல்லத்தில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அடுத்த அறையில் அவருடைய இளைய மகன் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து ஆகாய விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். மெய்யான விமானம் அன்று. விமானம் ஓட்டும் அனுபவத்தைத் திரையிலே தரும் விளையாட்டு. இதனைச் சிறுவர் வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. பூமியின் மலைகளும் ஆறுகளும் நகரங்களும், துணைக்கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு அதில் அமைக்கப்பட்டிருக்கின்றன. காற்று, மழை, இருள், எரிபொருளின் அளவு ஆகிய யாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. பையன் காலை ஒன்பது மணிக்குத் தில்லியிலிருந்து கிளம்பியவன். ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்குப் போக வேண்டும். நேர்வழி வட துருவத்துக்குச் சற்று விலகிச் செல்லும். துருவத்தின் உச்சிமீதாகவே போனால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான் அதிகம். அவன் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டான். பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வேறு எந்த வழியைத் தேர்ந்துகொள்வான்?

மாலை நாலரை மணி இருக்கும். "மாமா, ஓடி வந்து பாருங்கள்! பூமி கிழிந்துபோய்விட்டது!" என்று குரல் கொடுத்தான்.

சென்று பார்த்தோம். அவன் சொன்னது மிகையன்று. அதுவரை ஒரே வெண்பரப்பாக இருந்த பனிக்கடல், குடைக்கம்பிகளைப் போன்ற கோடுகளால் கூறு கூறாகப் பிரிந்து கிடந்தது. ஒரு கூறு நீலம் கலந்த வெண்மை. அடுத்தது சாம்பல் நிறம். அதற்கடுத்தது பளிச்சென்ற வெள்ளை. எல்லாக் கூறுகளும் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கி இழுக்கப்பட்டு, ஊசிமுனைகளாகக் குறுகி, அங்கே கூடின. கூடிய இடத்தில் தரையே இல்லை. ஒரு துவாரமும், துவாரத்தின் வழியே கீழ்ப்புறத்தில் வானமும் தெரிந்தன. துவாரத்தைச் சுற்றி, வேலி நட்டாற்போல, நிழல் விழாத பனிக்கூர்கள் நின்றன. இத்தனைக்கும் நடுவில், விமானத்தின் முகம் எத்திசை நோக்கியிருக்கிறது என்று காட்டும் எண் பம்பரமாய்ச் சுழன்றது. வடக்கு நோக்கியே செல் என்று அவன் தானியங்கிக் கருவிக்குக் கட்டளையிட்டிருந்தான். அதன் விளைவாக விமானம், செக்கைச் சுற்றும் மாட்டைப் போல, அந்தத் துவாரத்தைச் சுற்றிச் சுற்றி வரலாயிற்று.

வேடிக்கை இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. பையன் நம்மை நோக்கித் திரும்பி, மிகவும் தணிந்த குரலில், "அங்கே உண்மையாகவே ஏதோ இருக்கிறது, மாமா. நமக்குக் காட்டாமல் மறைக்கிறார்கள். அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் படம் இல்லை" என்றான். எங்கோ எவரோ பேசியதைக் கேட்டிருக்கிறான். துருவத்தில் பூமியின் உள்ளே இறங்கும் வாயில் இருக்கிறதாம். அரசாங்கங்கள் அதனைக் காக்கின்றனவாம். நல்ல அறிவுள்ள பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். தன் கண்ணால் துவாரத்தைக் கண்டுவிட்ட பிறகு, அவன் ஐயுறுவதைக் குறை சொல்லவும் இயலவில்லை. "இல்லை" என்று ஒரு சொல்லில் மறுத்திருந்தால், மறைப்பவர் கூட்டத்தில் நம்மையும் ஒருவராகச் சேர்த்திருப்பான். ஆகவே சமையலறைக்குச் சென்று, ஒரு பறங்கிக்காயை எடுத்து வந்தோம்.

பறங்கிக்காயின் மேல் வரிகள் ஓடுகின்றன அல்லவா? நடுவயிற்றில் வரிக்கும் வரிக்கும் இடையே நான்கு விரல் அகலம் இருக்கும். காம்பை நோக்கிப் போகப் போக அந்த இடைவெளி குறைந்து, காம்பின் அடியில் எல்லா வரிகளும் ஒன்றாகிவிடும். பூமியின் மேல் மனிதன் கற்பனையாக வரைந்திருக்கும் தீர்க்கரேகைகளும் இவ்வாறே. மொத்தம் 360 பாகைகள். பூமத்திய ரேகையில் ஒரு பாகையின் அகலம் 111 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தில்லிக்கு வந்தால் அது 98 கிலோமீட்டர். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நம் நாடு 2008-ஆம் ஆண்டில் திறந்த ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடத்தில் 21 கிலோமீட்டர். 89-ஆவது அட்சரேகையில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. துருவத்தில் ஒன்றுமில்லை, 360 கோடுகளும் அங்கே ஒரே புள்ளி.

கணிப்பொறிக்குப் பறங்கிக்காய் தெரியாது. அதற்குத் தெரிந்தது கட்டம் போட்ட தாள். இத்தனையாவது வரிசை, இத்தனையாவது நிரல் என்று எண்ணித்தான் எதையும் அது நினைவில் வைக்கும். ஆகவே பூமியின் தரைப்படமும் நீளமும் அகலமும் உள்ள ஒரு தாளாகவே அதனிடம் இருக்கிறது. அந்தத் தாளின் மேல்விளிம்பு முழுவதும் வட துருவமாகிய ஒரே புள்ளியைக் குறிக்கிறது. உருண்டையின் மேல் அதனைப் போர்த்தும்போது, அத்தனை நீண்ட விளிம்பையும் ஓர் ஊசிமுனைக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. ஊறுகாய்ச் சாடியின் வாய்க்குத் துணி கட்டியவர்கள் இதனை அறிவார்கள். துணி வட்டமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும், கயிறு இறுகும் இடத்தில் மடிப்புகள் கூடியே தீரும். பையன் திரையில் கண்ட குடைக்கம்பிகள் அம்மடிப்புகள்தாம். கூறுகளின் நிறம் வேறுபட்டதற்குக் காரணம், வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டதேயாகும். தமிழ்நாட்டின் மேல் பறக்கும்போது இரண்டு படங்களின் ஒட்டு எங்கோ ஒரு வயல் வரப்பில் மறைந்துவிடுகிறது. துருவத்தில் எல்லா ஒட்டுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்த இடர்ப்பாடு கணிப்பொறியோடு பிறந்தது அன்று. 1569-ஆம் ஆண்டில் மெர்காட்டர் என்னும் பிளெமிஷ் நாட்டு அறிஞர், மாலுமிகளுக்கென உலகப் படம் ஒன்று வெளியிட்டார். நம் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கிய படம் பெரும்பாலும் அதன் வழித்தோன்றலே. அந்த முறையில் வடக்கே செல்லச் செல்ல நிலம் பெருகிக்கொண்டே போகும். 60-ஆவது அட்சரேகையில் இரு மடங்கு; 80-ஆவதில் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு; துருவத்தில் முடிவே இல்லை. துருவத்தைக் காட்ட வேண்டுமானால் முடிவற்ற உயரமுள்ள தாள் வேண்டும். மெர்காட்டர் இதை நன்கு அறிந்திருந்தார். தம் படம் துருவம் வரை நீள இயலாது என்று படத்திலேயே எழுதியும் வைத்தார். அதன் பிறகு என்ன செய்தார் என்பதுதான் சுவையானது. படத்தின் ஒரு மூலையில் துருவத்துக்கெனத் தனியாக ஒரு வட்டம் வரைந்தார். அங்கே நான்கு பெருந்தீவுகள். அவற்றின் இடையே உள்நோக்கிப் பாயும் நான்கு நீரோட்டங்கள். நட்ட நடுவில் ஒரு கரும்பாறை. ஒன்றும் மெய்யன்று. பழைய பயணக் கதைகளைக் கேட்டு வரைந்தவை. தம் கணக்கு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைச் சொன்ன அதே மனிதர், அந்த இடத்தை வெறுமையாக விட மனமில்லாமல் ஒரு மலையை வைத்து மூடினார்.

இன்று கைபேசியில் நாம் காணும் தேசப்படங்களில் பெரும்பாலானவை மெர்காட்டரின் முறையையே சிறிது மாற்றிக் கையாளுகின்றன. படத்தைச் சதுரமாக்கும்பொருட்டு 85 பாகைக்குச் சிறிது மேலே கத்தரிக்கோல் வைத்துவிட்டார்கள். இவ்வாறு நறுக்கப்பட்ட பகுதி, ஒவ்வொரு துருவத்தைச் சுற்றியும் 550 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். சுமார் ஒன்பதரை லட்சம் சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு நிலம் இருக்க இடம் உண்டு! இவ்வளவும் படத்தில் இல்லை. வாங்குபவர் எவரும் அங்கே குடியிருக்கவில்லையாதலால் எவரும் கேட்கவும் இல்லை.

"படம் எடுக்கத் துணைக்கோள் இருக்கிறதே, அது எங்கும் சுற்றுகிறதே?" என்று பையன் மடக்கினான். நல்ல கேள்வி. லாண்ட்ஸாட் என்னும் புகழ்பெற்ற துணைக்கோள் வரிசையை எடுத்துக்கொள்வோம். எந்த ஊரின்மேல் போனாலும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில், அதாவது நிழல் ஒரே அளவாக விழும் வேளையில், படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அதன் பாதை சற்றுச் சாய்வாக வகுக்கப்பட்டிருக்கிறது. சாய்வின் காரணமாக அது சரியாகத் துருவத்தின்மேல் ஒருபோதும் செல்வதில்லை. 82.7 பாகைக்கு அப்பால் அதன் கண்ணுக்கு எட்டாது. மலைகளின் உயரத்தை அளந்த கதையும் இதுவே. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்கலம் பதினொரு நாட்கள் சுற்றி ராடார் மூலம் பூமியை அளந்தது. விளையாட்டுகளில் நாம் காணும் மலைகள் பலவற்றுக்கு அந்த அளவைதான் ஆதாரம். அது அளந்தது வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரையில் மட்டுமே. மேலும் வட துருவத்தில் நிலம் கிடையாது. கடலின் மேல் மிதந்து நகரும் பனிக்கட்டிதான். சென்ற வாரம் எடுத்த படம் இந்த வாரம் பொய்யாகிவிடும். ஆண்டில் பாதி நாள் அங்கே இரவு வேறு.

அந்த இரவுதான் ஒரு பெரிய கட்டுக்கதைக்கு வித்திட்டது. 1968-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் எஸ்ஸா-7 என்னும் வானிலைத் துணைக்கோள் எடுத்த படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார்கள். ஒரு நாளின் பல வேளைகளில், ஒவ்வொரு பகுதியிலும் வெயில் இருக்கும்போது எடுத்த துண்டுகள் அவை. நவம்பர் மாதத்தில் துருவத்துக்கு வெயிலே கிடையாது. ஆகவே ஒட்டிய படத்தின் நடுவில் வட்டமாக, விளிம்பு பிசகாமல், ஒரு கருந்துவாரம் விழுந்தது. 1970-இல் ஒரு பத்திரிகை அதனை வெளியிட்டு, 'பூமியின் வாயில் இதோ' என்னும் பொருள்பட எழுதியது. இன்றளவும் அந்தப் படம் கை மாறிக்கொண்டிருக்கிறது. பையன் பார்த்ததும் அதுவே. துவாரத்தின் விளிம்பு எந்த இடத்தில் விழுகிறது என்று அட்சரேகையை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். எண்ணினான். அந்நாளில் சூரிய ஒளி எந்த அட்சரேகை வரை எட்டும் என்று தானே கணக்கிட்டான். சிறிது நேரம் பேசவில்லை.

ஆனால் விமானம் செக்குமாடாய்ச் சுற்றியதற்கு மட்டும் படம் காரணம் அன்று. அது வேறு கதை. நம் எண்ணத்தில் அதுவே இந்த விஷயத்தின் சாரமான பகுதி. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் துருவத்துக்கு ஒரு கிலோமீட்டர் பக்கமாக நேர்கோட்டில் கடந்து செல்கிறது என்று கொள்வோம். விமானம் திரும்பவே இல்லை. ஆயினும் எட்டே நொடிகளில் அதன் திசை 90 பாகை மாறிவிட்டதாகக் கருவி சொல்லும். வடக்கு என்பது எந்தப் பக்கம் என்பதே காலடியில் சுழன்றுவிடுகிறது. சரியாகத் துருவத்தின் மேலேயே பறந்தாலோ, ஒரு கணம் முன்பு வடக்கு நோக்கிச் சென்ற விமானம் மறுகணம் தெற்கு நோக்கிச் செல்கிறது. 'வடக்கே போ' என்று கட்டளை பெற்ற கருவி, கீழ்ப்படிதலுள்ள சேவகனைப் போல, உடனே திரும்புகிறது, மீண்டும் துருவத்தைத் தாண்டுகிறது, மீண்டும் திரும்புகிறது. கணக்கின் உள்ளே பார்த்தால், அங்கே ஓர் எண்ணைச் சுழியால் வகுக்கச் சொல்லி நிற்கிறது சூத்திரம்.

தமிழில் சுழி என்னும் சொல் பூஜ்யத்தையும் குறிக்கும். தலையில் மயிர் சுற்றிக் கிடக்கும் இடத்தையும் குறிக்கும். வேறு மொழிகளில் இரண்டு சொற்களால் சொல்ல வேண்டியதை நம் மொழி ஒரே சொல்லால் சொல்லிவிட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இங்கே மிகவும் பொருந்துகிறது. பிரெஞ்சுக் கணித மேதை போயன்காரே 1885-ஆம் ஆண்டில் நிறுவிய உண்மை ஒன்று உண்டு. 1912-இல் பிரௌவர் என்னும் டச்சு அறிஞர் அதனை மேலும் விரித்தார். ஓர் உருண்டையின்மேல் முழுவதும் மயிர் முளைத்திருப்பதாகக் கொண்டு, அதனை எங்கும் படியச் சீவ முயன்றால், ஓரிடத்திலாவது சுழி விழுந்தே தீரும். எத்தனை திறமையான நாவிதராலும் தவிர்க்க இயலாது. பூமியின் ஒவ்வோர் இடத்திலும் 'இதுதான் முன்பக்கம்' என்று அம்புக்குறி இடும் எந்த ஏற்பாட்டுக்கும் இதே விதி. துருவத்தை நீக்கிவிட்டுச் சுழியைப் பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலே வைக்கலாம், அங்கே கிழியும். இல்லாமற் செய்ய மட்டும் முடியாது.

பசிபிக்கில் ஏற்கெனவே ஒரு தையல் இருக்கிறது. 180-ஆவது தீர்க்கரேகையில் கிழக்கு நெடுங்கணக்கு முடிந்து மேற்குக் கணக்கு தொடங்குகிறது. எண் திடீரென்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவுகிறது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விமானப் படையின் எஃப்-22 போர் விமானங்களில் ஓர் அணி ஹவாயிலிருந்து ஜப்பானிய ஒகினாவா தீவுக்குச் சென்றது. அந்தத் தையலைக் கடந்ததும் விமானங்களின் கணிப்பொறிகள் வழி காட்டுவதை நிறுத்திக்கொண்டன. உலகின் மிகச் சிறந்த போர் விமானங்கள், உடன் வந்த எரிபொருள் விமானங்களின் பின்னாலேயே ஹவாய்க்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வானம் தெளிவாக இருந்தது நல்லூழ். இது விளையாட்டு அன்று என்பதைப் பையனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

துருவம் என்பது தரையில் மட்டுமே இருப்பதாகவும் எண்ணலாகாது. விமானம் செங்குத்தாக மேல்நோக்கி நின்றால், அப்போது அதன் முகம் எத்திசை? உடலைப் புரட்டுவதும் திசை திரும்புவதும் அந்நிலையில் ஒன்றாகிவிடும். மூன்று எண்களில் ஒன்று பொருளற்றதாகிவிடும். தலைக்கு நேர் மேலே தொங்கும் துருவம் அது. இதற்கு மருந்து கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாமில்டன். 1843-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மனைவியோடு டப்ளின் நகரில் கால்வாய்க் கரையோரம் நடந்து செல்கையில், மூன்று எண்களுக்குப் பதில் நான்கு எண்களால் திருப்பங்களைக் கணக்கிடும் முறை அவர் மனத்தில் உதித்தது. அங்கேயே பாலத்தின் கல்லில் அதனைக் கீறி வைத்தார். நல்ல விமான விளையாட்டுகள் இன்று அந்நான்கு எண்களைக் கையாளுகின்றன. இடத்தைக் குறிக்கவும், அட்சரேகை தீர்க்கரேகையை விடுத்து, பூமியின் மையத்திலிருந்து மூன்று நேர்த்தூரங்களைக் கொள்கின்றன. அக்கணக்கில் துருவம் மதுரையைப் போல மற்றோர் இடம், அவ்வளவே. சிலர் பூமியை ஆறு முகமுள்ள பெட்டியாகப் பாவித்துப் படம் போர்த்துகிறார்கள். ஒரே மடிப்பு எட்டு மூலைகளில் பங்கிடப்பட்டுச் சிறுத்துவிடுகிறது. ஆயினும் துணைக்கோள் தரும் படமும், விமானியின் முன்னுள்ள கருவியும் பழைய மொழியையே பேசுகின்றன. அந்த மொழிக்கு மாற்றும் கணத்தில் கிழிசல் வெளிப்பட்டுவிடுகிறது.

அண்மையில் வந்த சில விளையாட்டுகளில் கிழிசல் தெரிவதில்லை. கண்ணுக்கு இதமான வெண்பனி வழவழப்பாகப் பரப்பப்பட்டிருக்கிறது. திருத்திவிட்டார்கள் என்று பையன் மகிழ்ந்தான். நமக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. அந்த வெண்மையில் பெரும்பகுதி எவரும் பார்த்து எடுத்த படம் அன்று. ஓவியன் தடவிய சுண்ணாம்பு. மெர்காட்டரின் கரும்பாறை இப்போது வெள்ளைப் பாறையாகியிருக்கிறது. கிழிசல் தெரிந்தபோது, 'இங்கே நம் அறிவு நின்றுபோயிற்று' என்பதாவது தெரிந்தது. நம் தொழில் மொழிபெயர்ப்பு. மூலத்தில் விளங்காத தொடர் ஒன்று வந்தால், அதன் கரடுமுரடை அப்படியே விட்டு மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதுவது ஒரு வழி. அழகான ஒரு தொடரை இட்டு நிரப்பிவிடுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் வந்த கோப்புகள் எத்தனை தொல்லை தந்திருக்கின்றன என்பதை அறிவோம்.

சொல்லாமல் செய்த திருத்தம் உயிரையே வாங்கியதற்கு உதாரணம் உண்டு. 1979-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து ஒரு பயணி விமானம் அண்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டது. வழியைக் குறிக்கும் எண்களில், 166 பாகை என்று இருக்க வேண்டிய தீர்க்கரேகை, முன்னரே தவறுதலாக 164 என்று தட்டப்பட்டிருந்தது. அந்தத் தவறான எண்ணின்படி வழி, மக்மர்டோ என்னும் தட்டையான பனிக்கடலின் மேல் சென்றது. விமானிகளுக்கு விளக்கப்பட்டதும் அவ்வழியே. புறப்படும் நாளின் விடியற்காலையில் எண் திருத்தப்பட்டது. விமானிகளுக்கு எவரும் சொல்லவில்லை. அந்த உயரத்து அட்சரேகையில் இரண்டு பாகை என்பது ஐம்பது கிலோமீட்டர்தான்; ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் எரிபஸ் மலை நின்றது. வெண்மேகத்தின் கீழ் வெண்பனிச் சரிவு. நிழலில்லை, விளிம்பில்லை, தட்டையான பனிவெளி தொடர்வதாகவே கண்ணுக்குத் தோன்றும் நிலை. 257 பேர் மாண்டனர். நீதிபதி மேஹனின் விசாரணை அறிக்கை 1981-இல் வந்தது. நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரியது 2019-ஆம் ஆண்டில், நாற்பது ஆண்டுகள் கழித்து.

மெய்யான விமானிகள் துருவத்தை எவ்வாறு கடக்கிறார்கள் என்று பையன் கேட்டான். காந்த ஊசி அங்கே உதவாது. ஊசி நாடும் காந்தத் துருவம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் ராஸ் 1831-இல் கனடாவின் வடகோடியில் அதனைக் கண்ட பிறகு, அது நகர்ந்து நகர்ந்து சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்பார்த்ததற்கு மேல் விரைந்து நகர்ந்ததால், உலகக் காந்தப் படத்தை 2019 பிப்ரவரியில் தவணைக்கு முன்னதாகவே திருத்த நேர்ந்தது. ஆகவே விமானிகள் வேறொன்று செய்தார்கள். துருவப் படத்தின்மேல், கிரீன்விச் கோட்டுக்கு இணையாக, சாதாரணக் கட்டங்களை வரைந்துகொண்டார்கள். அந்தக் கட்டத்தில் மேல்பக்கமே வடக்கு என்று வைத்துக்கொண்டு, விரைந்து சுழலும் சுழலிக் கருவியை அதற்கு ஒத்தபடி நிறுத்தினார்கள். இவ்வாறு ஸ்காண்டினேவிய விமானங்கள் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கோபன்ஹேகனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே துருவ வழியைத் தொடங்கின. நம் நாட்டு ஏர் இந்தியா விமானம் 2019 ஆகஸ்டு 15-ஆம் நாள், தில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் துருவத்தின் மேலாகப் பறந்தது. 2021 ஜனவரியில், ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அவ்வழியே விமானத்தைக் கொணர்ந்தவர்கள் அனைவரும் பெண் விமானிகள். அவர்களுக்குத் துவாரமும் தெரியவில்லை; குடைக்கம்பிகளும் தெரியவில்லை. பனிதான் தெரிந்திருக்கும்.

இதைக் கேட்டதும் பையன் தானியங்கியை நிறுத்திவிட்டு, எந்த எண்ணையும் பாராமல், நேராகப் பறந்தான். விமானம் துவாரத்தின்மேல் சென்றது. ஒரு கணம் திரை முழுவதும் நீலமாயிற்று. மறுபுறம் கூறுகள் விரிந்தன, கோடுகள் அகன்றன, மறுபடியும் பனிக்கடல். ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு இன்னும் ஆறரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தான்.

இரவு உணவின்போது தென் துருவத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அங்கே 1956-ஆம் ஆண்டு முதல் மனிதர்கள் இடைவிடாமல் தங்கியிருக்கிறார்கள் என்றும், எத்திசை திரும்பினாலும் வடக்கே ஆதலால் அவர்களும் கட்டத்தின்படியே திசை சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் கூறினோம். துருவத்தைக் குறிக்கும் கம்பத்தை ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் பிடுங்கிப் புதிதாக நடுகிறார்கள். ஏனெனில் அடியிலுள்ள பனிப்பாளம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் நகர்ந்துவிடுகிறது. இதைக் கேட்டு மிகவும் சிரித்தான். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென் துருவத்துக்குப் போவதாகவும், எல்லாக் கோடுகளும் கூடும் அந்த இடத்தில் கடிகாரத்தை எந்த நாட்டு நேரத்துக்கு வைப்பது என்றும் வினவினான். அங்குள்ளவர்களுக்கு உணவும் எண்ணெயும் நியூசிலாந்தின் வழியாகச் செல்வதால், நியூசிலாந்து நேரத்தையே வைத்திருக்கிறார்கள் என்றோம்.